தவராசா வீட்டு ஈஸ்ட்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். கேக்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது லியாம் பக்கத்தில் வந்தான். இரத்தப் பரிசோதனை மேசையில் எனக்குப் பிறகு உட்காரப்போகிறவன் அவன்தான். வீட்டில் சொந்தமாகப் பியர் காய்ச்சுகிறவன். பேச்சுவாக்கில் கேட்டான்.

"முரு, என் ஃப்ரிட்ஜில் ஒரு பாக்கெட் ஈஸ்ட் கிடக்கிறது. தேதி முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. போட்டால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது. பாதிக்கு மேல் செத்திருக்கும். பொங்க நேரம் எடுக்கும். இன்னொரு பாக்கெட் சேர்த்துப் போடு" என்றேன்.

சரியான பதில்தான். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொன்ன பிறகு கையிலிருந்த கேக்கை என்னால் தின்ன முடியவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் குப்பைத் தொட்டியில் போட்டேன். சற்று நேரத்தில் எல்லோரும் சேர்ந்து, "மறக்க முடியாத கேஸ் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். வேறொன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பையும் ஆரம்ப காலத்தையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் நுண்ணுயிரியல் படித்தேன். அங்கேயே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சில ஆண்டுகள் சளியும் சிறுநீரும் பார்த்தேன். பிறகு விசா கிடைத்து மனைவி செல்வியோடு சிட்னிக்கு வந்தேன். இங்கே முதலில் கொடுத்தது மாதிரிகளை வாங்கி வைக்கும் வேலை. வார்டுகளிலிருந்து வரும் குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டி, யாருக்கு எந்த மேசை என்று பிரித்து அனுப்ப வேண்டும். ஊரில் இரண்டு பேருக்கு மேலதிகாரியாக இருந்தவன், இங்கே ஸ்டிக்கர் ஒட்டினேன். பரீட்சைகள் எழுதி, மெல்ல மேசைக்கு வந்து, கடைசியில் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பகுதியில் நிலைத்தேன். நகரின் மேற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது.

எங்கள் பகுதிக்குத் தலைவி டாக்டர் மொய்ரா. வந்த புதிதில் நான் "மேடம்" என்றபோது, "அப்படி யாரும் இங்கே இல்லை, நான் மொய்ரா" என்றார். முருகேசன் என்ற என் பெயரை முரு என்று சுருக்கியதும் அவர்தான். நல்ல உயரம். மேசைக்கு வந்தால் உட்கார மாட்டார். நாம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். நாம் கிருமியின் பெயரைச் சொல்லிவிட்டால் பதில் வராது. மறுபடியும் அதே கேள்வி, அதே குரலில். என்ன நிறம், என்ன வடிவம், தனியாக இருக்கிறதா சங்கிலியாக இருக்கிறதா என்று கண்ணால் கண்டதைச் சொன்ன பிறகுதான் பெயருக்கு வர விடுவார். மோசமான முடிவு என்றால் வார்டுக்கு அவரே போன் செய்வார். செய்தி எவ்வளவு மோசமோ அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசுவார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதே சமயம், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லியும் கேட்டதில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த காலம். பிறந்து சில நாளே ஆன குழந்தையின் முதுகுத்தண்டு நீர் வந்தது. குழாயில் பெயர் இல்லை. பெயரில்லாததை வாங்கக்கூடாது என்பது விதி. திருப்பி அனுப்பினால் குழந்தையின் முதுகில் மறுபடியும் ஊசி குத்த வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மொய்ரா வந்து வாங்கிப் பார்த்தார். என்னையும் அழைத்துக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு நடந்தார். அதை எடுத்த இளம் டாக்டரைக் கூப்பிட்டு, "இது நீ எடுத்ததுதானா? உன் கையால் எடுத்து உன் கையாலேயே அனுப்பினாயா?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்றதும் பேனாவைக் கொடுத்துத் தன் கண்முன்னே பெயரையும் கையொப்பத்தையும் போட வைத்தார். திட்டவில்லை. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. திரும்பி வரும் வழியில் என்னிடம், "குழாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார், முரு" என்றார். அவ்வளவுதான்.

இனி தவராசா கேஸுக்கு வருகிறேன்.

கல்ச்சர் பாட்டில்கள் எங்களுக்கு எப்படி வரும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நோயாளியின் இரத்தத்தைச் சத்துநீர் இருக்கும் பாட்டிலில் ஊற்றி அனுப்புவார்கள். அதை உடம்புச் சூட்டில் ஒரு பெரிய பெட்டிக்குள் வைப்போம். இரத்தத்தில் கிருமி இருந்தால் வளர்ந்து வாயு விடும். பாட்டிலின் அடியில் இருக்கும் வட்டு நிறம் மாறும். பெட்டி மணியடித்துக் கூப்பிடும். எடுத்து, பாட்டிலின் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு சொட்டு உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் பரப்பிக் காயவைத்து, ஊதா, அயோடின், கழுவும் திரவம், சிவப்பு என்று வரிசையாகச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். இன்று இதில் பலவற்றை ரோபோ கை செய்துவிடுகிறது. கிருமி வளர்க்கும் தட்டைக்கூடத் திரையில் படமாகத்தான் பார்க்கிறார்கள். அன்று மூடியைத் துடைப்பதிலிருந்து எல்லாம் எங்கள் கைதான்.

அன்று காலை நான் பார்த்த கண்ணாடித் துண்டில் பாக்டீரியா இல்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய முட்டை வடிவங்கள் இருந்தன. நல்ல ஊதா நிறம். சிலவற்றின் ஓரத்தில் சின்ன மொட்டு. மொய்ரா பின்னால் வந்து நின்றார். கண்டதைச் சொன்னேன்.

"ஈஸ்ட் வகை. எந்தப் பாட்டில்?"

"மருந்து ஏற்றக் கையில் போட்டிருக்கும் குழாய் வழியாக எடுத்தது. வீட்டிலிருந்து வந்தவர். இரத்தப் புற்றுநோய்."

மற்றக் கையில் நேராக ஊசி குத்தி எடுத்த பாட்டிலும் மதியத்துக்குள் மணியடித்தது. அதிலும் அதே முட்டைகள். வார்டுக்குச் சொன்னோம். பூஞ்சைக்கான மருந்தை உடனே ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் இரத்தத்தில் இறங்கும் வழக்கமான ஈஸ்ட் ஒன்று உண்டு. அதுவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணினோம். மறுநாள் தட்டில் வளர்ந்ததை எடுத்து, பெயர் சொல்லும் மெஷினில் வைத்தேன். வந்தது வேறு பெயர். ரொட்டியைப் பொங்க வைக்கிற, பியர் காய்ச்சுகிற ஈஸ்ட்.

வார்டின் இளம் டாக்டர் போனில் சிரித்தார். "யாருடைய சாண்ட்விச்சோ விழுந்திருக்கும்."

"இரண்டு கையிலிருந்தும் எடுத்த இரத்தத்திலா?" என்று மொய்ரா தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். வயிற்றுக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகளில் இதே ஈஸ்ட் இருக்கும். வார்டில் யாருக்காவது அதைக் கொடுத்திருந்தால் மற்ற நோயாளிகளுக்கும் ஆபத்து. யாருக்கும் கொடுக்கவில்லை என்றார்கள். மொய்ரா போன் மொழிபெயர்ப்பாளரை வைத்து நோயாளியின் மனைவியிடம் பேசினார். எதைக் கேட்டாலும் இல்லை என்றே பதில். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்த அம்மாவுக்கு ஏதோ ஒரு கேள்வியில் கோபம் வந்துவிட்டது, முரு. எதனால் என்று எனக்குப் புரியவில்லை. தமிழ்தான் பேசுகிறார். நீயும் வா."

ஆய்வகத்தில் இருப்பவன் நோயாளியைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு அவர் அதுவரை பாட்டிலில் ஒட்டிய பெயர்தான். கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். தவராசா கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் முடியில்லை. புருவமும் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நாற்காலி நுனியில் அவர் மனைவி புவனேஸ்வரி, நெற்றியில் திருநீற்றோடு, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்கள், குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு.

நான் தமிழில் வணக்கம் சொன்னதுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, என்ர வீட்டில பூஞ்சணம் இருக்கோ எண்டு போனில கேக்கினம். என்ன கதை இது? இவருக்கு வருத்தம் வந்த நாள் தொட்டு நான் ஒவ்வொரு நாளும் மருந்து போட்டு நிலம் துடைக்கிறனான். வந்து பாக்கச் சொல்லுங்கோ."

அப்போதுதான் புரிந்தது. ஈஸ்ட் என்பதை மொழிபெயர்ப்பாளர் பூஞ்சணம் என்று சொல்லியிருக்கிறார். பாடப்புத்தகத்தின்படி அதில் பெரிய தப்பில்லை. ஆனால் சுவரில் படரும் கறுப்பைத்தான் அவர் நினைத்திருக்கிறார்.

"அக்கா, உங்க வீட்டைக் குறை சொல்லலை. அவங்க கேட்டது ஈஸ்ட். பாண் செய்யப் போடுவாங்கல்ல, அது. வீட்டுல இருக்கா?"

அவர் கணவரைப் பார்த்தார். தவராசாவுக்கு வாயெல்லாம் புண். மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"சொல்லுமன். இனி என்னத்தை ஒளிக்கிறது."

"இவர் பியர் காய்ச்சிறவர் தம்பி" என்று புவனேஸ்வரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். கோயிலில் யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல இருந்தது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மொய்ரா தலையசைத்தார். "எந்த ஈஸ்ட், எப்படிப் போடுவார், எல்லாவற்றையும் கேள்."

தவராசாவின் முகம் மாறியது. அத்தனை நாளும் உடம்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், பியரைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்திருக்கிறது.

"பியர் சாமான் விக்கிற கடைக்காரன் ஒருத்தன் கடையைப் பூட்டேக்க ஒரு பெட்டி ஈஸ்ட் சும்மா தந்தவன். தேதி முடிஞ்சது. முடிஞ்சா என்ன? மனுசருக்கும்தான் தேதி முடியுது, உடன செத்தே போறம்? பழசெண்டா வேலை கூட, அவ்வளவுதான். ஒண்டு போடுற இடத்தில மூண்டு போடவேணும். முதல்ல கோப்பையில இளஞ்சூட்டுத் தண்ணி, ஒரு கரண்டி சீனி. அதில பைக்கற்றைப் பிரிச்சுக் கொட்டி வைச்சுப் பாக்கவேணும். நுரைச்சா உயிர் இருக்கு. நுரைக்காட்டி எறிஞ்சுபோட்டு மற்றதைப் பிரி."

"இப்பவும் குடிக்கிறீங்களா?" என்று மொய்ராவுக்காகக் கேட்டேன்.

"வாய்க்குள்ள தண்ணியே வைக்கேலாது, எங்க குடிக்கிறது? அது பெடியளுக்கு."

பெடியள், அதாவது பையன்கள், என்று அவர் சொன்னது அவரோடு பஸ் ஓட்டிய நான்கு பேரை. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டு கராஜில் கூடுவார்களாம். நோய் வந்த பிறகு கூட்டம் கூடாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். முதலில் போனில் பேசினார்கள். பிறகு அதுவும் குறைந்துவிட்டது. கராஜின் கதவைத் திறந்து வைத்தால் வெளியில் நின்றே குடிக்கலாம், பியர் இருந்தால் வருவார்கள் என்று இவருக்கு ஓர் எண்ணம்.

"இந்த முறை இவருக்கு நிக்கவே ஏலாது" என்றார் புவனேஸ்வரி. "எனக்கு அந்த மணமே பிடிக்காது தம்பி. அதுவரைக்கும் கராஜுக்குள்ள கால் வைச்சதில்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டு என்னட்ட ஒண்டும் கேக்காத மனுசன், 'நீர் ஒருக்காக் கரைச்சுத் தாருமன்' எண்டு கேட்டார். இவர் இருந்து சொல்லவேணும் எண்டதால குசினி மேசையிலயே வைச்சுக் கரைச்சனான். முதல் கோப்பையில ஒண்டும் வரேல்லை. ரெண்டாவதும் இல்லை. பிறகு நாலைஞ்சைச் சேர்த்துப் பிரிச்சுக் கொட்டினன், தூள் எல்லாம் பறந்துது. அப்பத்தான் நுரை வந்தது. இவர் எழும்பி வந்து குனிஞ்சு மணந்து பாத்தவர்."

"கையில் இருக்கும் குழாயை வீட்டில் யார் கழுவிவிடுகிறார்கள் என்று கேள்" என்றார் மொய்ரா.

கேட்டேன்.

"நான்தான்" என்று நிமிர்ந்தார் புவனேஸ்வரி. "நேர்ஸ் பழக்கித் தந்தவ. நான் செய்யிறதைப் பாத்துப்போட்டு, ஆஸ்பத்திரியில செய்யிறதிலும் பாக்கத் திறம் எண்டு சொன்னவ. அந்தச் சாமானெல்லாம் குசினி மேசையிலதான், ஒரு பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன்."

சமையலறையின் அதே மேசை என்று நான் மொழிபெயர்த்தபோது மொய்ரா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புவனேஸ்வரி ஈஸ்ட் பாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொண்டுவந்தது கொஞ்சம். மீதி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. தேதி உண்மையிலேயே முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒன்றைச் சுத்தமான நீரில் கரைத்துத் தட்டில் தடவி வைத்தேன். கல்லூரியில் செய்த பாடம் ஒன்று ஞாபகம் வந்து, ஒரு சொட்டில் நீலச் சாயமும் கலந்து பார்த்தேன். செத்த ஈஸ்ட் அந்தச் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ளது அதை ஏற்றுக்கொள்ளாமல் நிறமில்லாமல் நிற்கும். நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் நீலம். அதற்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளிந்த வட்டங்கள். மொய்ரா வந்து பார்த்தார். எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"நல்ல இரத்தம் ஓடுகிற ஆளுக்கு இது ஒன்றும் செய்யாது" என்றார். "அவரிடம் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை."

தட்டில் அடுத்த நாளே இடைவெளி இல்லாமல் வளர்ந்திருந்தது. இரத்தத்தில் வந்ததும் பாக்கெட்டில் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒன்றுதான் என்று பிறகு பதில் வந்தது. அதற்குக் காத்திராமல் மொய்ரா என்னை மறுபடியும் வார்டுக்கு அழைத்துப் போனார். குழாயை எடுத்துவிட்டார்கள். தவராசாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

பாக்கெட்டில் இருந்த ஈஸ்ட் வளர்ந்துவிட்டது என்று நான் சொன்னதும், அந்தப் புண் வாயோடு அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே? உயிர் இருக்கெண்டு நான் சொன்னனான்தானே! நீர்தான் எறிவம் எறிவம் எண்டு நிண்டனீர்."

அவருக்கு அது தன் இரத்தத்தில் இருந்தது என்பது உறைக்கவே இல்லை. உறைத்தும் அப்படிச் சிரித்தாரோ, தெரியாது. ஆனால் புவனேஸ்வரிக்கு உறைத்துவிட்டது. கைப்பையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப நானோ தம்பி? என்ர கையாலயோ போனது? டொக்ரரிட்டக் கேளுங்கோ."

கேட்டேன். மொய்ரா அவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஈஸ்ட் உங்கள் வீட்டிலிருந்து வந்தது. அது உறுதி. தூளில் பறந்து வந்ததா, அவர் குனிந்து முகர்ந்தபோது குழாயில் பட்டதா, உங்கள் கையிலோ உடுப்பிலோ ஒட்டியிருந்ததா, யாராலும் சொல்ல முடியாது. உங்களால் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களால் இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது."

ஒரு கணம்தான் யோசித்தேன். 'உங்களால் இல்லை என்றும் சொல்ல முடியாது' என்பதை மட்டும் விழுங்கிவிட்டால் போதும். மொய்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அறைக்குள் நான் கூட்டி வரப்பட்டது அதற்காக அல்ல. சொன்னது சொன்னபடி தமிழில் சொன்னேன்.

புவனேஸ்வரி அழவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"அவ வெள்ளைக்காரி. நீங்களும் தமிழாக்கள்தானே தம்பி. அதை அப்பிடியே சொல்லவேணுமே?"

தவராசாதான் கையை நீட்டி அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "விடும் புவனம். நான் கேட்டுத்தானே செய்தனீர்" என்றார். புவனேஸ்வரி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

வெளியில் வந்து கவுனைக் கழற்றிக் கைகழுவும்போது, அந்த அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று மொய்ரா கேட்டார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே, "வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?" என்றார். நான் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் தேடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்னைக் கேட்டேன்" என்றார்.

பூஞ்சை மருந்து வேலை செய்தது. அடுத்தடுத்து எடுத்த இரத்தத்தில் எதுவும் வளரவில்லை. எங்கள் மேசையைப் பொறுத்தவரை கேஸ் முடிந்துவிட்டது. ஆனால் அந்த மருந்து ஓடி முடியும்வரை புற்றுநோய் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. மறுபடி ஆரம்பித்தபோது நோய் திரும்பியிருந்தது. குளிர்காலத்தில் தவராசா இறந்துபோனார். தள்ளிப்போட்டதுதான் காரணமா என்று மொய்ரா புற்றுநோய் டாக்டரிடம் தானே போய்க் கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியும் வந்திருக்கக்கூடிய நோய்தான் என்று பதில். என்னிடம் வந்து அதைச் சொன்னார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு முன் அவர் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. ஆய்வகத்துக்காரன் எந்த முகத்தோடு போவது? ஆனால் சிட்னித் தமிழர்களுக்குள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க முடியாது. சில வாரம் கழித்து ஹரிஸ் பார்க்கில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தேன். பருப்பு அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தம்பி."

புவனேஸ்வரி, வெள்ளைச் சேலையில். மெலிந்திருந்தார். நான் அவசரமாக வருத்தம் சொன்னேன். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் கேட்டார்.

"அது மிச்சம் கிடக்கு. ஃப்ரிட்ஜ் கதவில. அண்டைக்குப் பிறகு நான் தொடேல்லை. அதை எப்பிடிச் சாக்கொல்லுறது?"

"கொதிக்கிற தண்ணிய ஊத்துனா போதும்க்கா. இல்லேன்னா அப்படியே குப்பையில போட்டுடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"குப்பையில போடமாட்டன். அது இன்னொரு வீட்டுக்குப் போனால்? நீங்கள் வந்து நிண்டு பாத்துச் சொல்லவேணும் தம்பி. எனக்கு என்ர கையில நம்பிக்கை இல்லை."

அடுத்த ஞாயிறு பகலில் செல்வியையும் அழைத்துக்கொண்டு குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனேன். வீடு அவர் சொன்னதுபோலவே இருந்தது, தரையில் முகம் பார்க்கலாம். குசினி மேசையின் மேல் ஒன்றுமே இல்லை. கராஜுக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது.

"அண்டைக்குக் கரைச்சு ஊத்தின பியர் அப்பிடியே உள்ளுக்க கிடக்கு" என்றார். "செத்தவீட்டுக்கு நாலு பேரும் வந்தவை. வாசலில நிண்டிட்டுப் போட்டினம். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

முகத்துக்கு மாஸ்க் கட்டினார். கையுறை மாட்டினார். ஆஸ்பத்திரியில் பழகியதுபோல விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டார். பாக்கெட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, பெரிய சில்வர் பாத்திரம் ஒன்றையும் எடுத்தார். நான் கெட்டிலைப் போடப் போனேன். அவர் தடுத்தார்.

"பொறுங்கோ. முதல்ல உயிர் இருக்கோ எண்டு பாப்பம்."

"எதுக்குக்கா? நேரா கொதிதண்ணிய ஊத்திடலாம்."

"இல்லைத் தம்பி. உயிரில்லாததை என்னெண்டு கொல்லுறது?"

இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்தார். விரலால் சூடு பார்க்கப் போய், கையுறை இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். ஒரு கரண்டி சீனி போட்டார். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக, தூள் பறக்காமல், தண்ணீருக்கு மிக அருகில் வைத்து வெட்டிக் கொட்டினார். கிண்டவில்லை. மேலே ஒரு தட்டை மூடிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்களும் உட்கார்ந்தோம். செல்வி ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சற்றுப் பொறுத்துத் தட்டை எடுத்தார். தண்ணீருக்கு மேல் பழுப்பும் வெள்ளையுமாக நுரை திரண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது பாத்திரத்தின் விளிம்பை நோக்கி ஏறியது. குசினி முழுக்க ரொட்டிக் கடை வாசனை.

"அண்டைக்கு மூண்டுதரம் கரைக்கவேண்டிக் கிடந்தது" என்றார். "எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தவர் தெரியுமே."

எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டார். அது கொதித்து நின்றது. எடுத்து வந்து பாத்திரத்துக்கு மேல் சாய்க்கப் போனவர், அப்படியே நின்றார். நான் கெட்டிலை வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் ஊற்றினேன். ஆவி எழுந்தது. நுரை நடுவில் குழிந்து, ஓரமாக ஒதுங்கி, மெல்ல அமிழ்ந்தது. கெட்டிலில் இருந்தது முழுவதையும் ஊற்றினேன். கடைசியில் கலங்கிய தண்ணீர் மட்டும் இருந்தது.

"செத்திட்டுதோ?"

"செத்துடுச்சுக்கா."

"எல்லாமோ?"

"எல்லாமே. ஒண்ணுகூட இருக்காது."

மாஸ்க்கைக் கீழே இறக்கி, பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"பாவம்" என்றார்.

எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.